ஜிம்மா வாசலில் நின்ற சனிக்கிழமை

மினாவின் தலையில் தேங்காய் எண்ணெய் மணக்கும். பள்ளிப் பேருந்தில் ஏறி அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், பிளாஸ்டிக் இருக்கைகளின் வாடையையும் ஹீட்டர் காற்றையும் தாண்டி அந்த மணம்தான் முதலில் என் மூக்கில் ஏறும். எங்கள் வீட்டிலும் தேங்காய் எண்ணெய் இருந்தது. ஆனால் உம்மா அதை ஞாயிற்றுக்கிழமை தேய்த்து அன்றைக்கே ஷாம்பு போட்டு அலசிவிடுவாள், ஏனென்றால் மூன்றாம் வகுப்பில் ஒருத்தி என் தலையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்ததை வீட்டில் வந்து சொல்லி நான் ஒரு மாலை முழுக்க அழுதிருந்தேன். மினாவையும் அதே பெண் முகர்ந்து பார்த்தாள். மினா அழவில்லை; "எங்க தாத்தா போட்டுவிட்டார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படிச் சொல்ல அவளுக்கு வீட்டில் ஒரு தாத்தா, தினமும், இருந்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது நடந்தது 2004-ஆம் ஆண்டு, டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில். எனக்கு ஒன்பது வயது. வாப்பா சாஃப்ட்வேர் வேலையில் இருந்தார், நாங்கள் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். நேர் கீழே முதல் மாடியில் மினாவின் குடும்பம். பசிபிக் கடலின் நடுவில் உள்ள மார்ஷல் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அம்மா, அப்பா, மாமா, கைக்குழந்தையாக ஒரு தம்பி, பிறகு அவள் அம்மாவின் அப்பாவான அந்தத் தாத்தா. தாத்தாவை அவர்கள் மொழியில் 'ஜிம்மா' என்பார்கள். அமெரிக்காவுக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையே ஏதோ ஒப்பந்தமாம், அதனால் அந்த நாட்டுக்காரர்கள் விசா இல்லாமலே வந்து எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாமாம். இதை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அன்று வாப்பா சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாம இங்க க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு வருஷக்கணக்கா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறோம். அவங்க பாட்டுக்கு டிக்கெட் எடுத்து வந்து எறங்குறாங்க பாரு" என்றார். பொறாமை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் இருந்ததல்ல என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

மினாவிடம் இன்னொரு விஷயமும் இருந்தது. அவள் பிறந்ததும் அவளை ஜிம்மாவுக்கே கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் வழக்கத்தில் மூத்த குழந்தையைப் பெரியவர்கள் கேட்டு வாங்கி வளர்ப்பது உண்டு, அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பெற்ற அம்மா அதே வீட்டில் இருந்தாலும், மினாவுக்குச் செருப்பு வாங்குவதா, காய்ச்சல் என்றால் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதெல்லாம் ஜிம்மாவின் பொறுப்பு. "நான் அம்மாவோட பொண்ணு இல்ல, ஜிம்மாவோட பொண்ணு" என்று ஆங்கிலத்தில் அவள் சர்வ சாதாரணமாகச் சொல்வாள். என் தாத்தாவை, உம்மாவின் வாப்பாவை, நாங்கள் 'நன்னா' என்போம். அவரை நான் தொலைபேசியில்தான் அதிகம் அறிந்திருந்தேன், அதுவும் காலிங் கார்டின் பின்பக்கத்தைச் சுரண்டி எண்களை அழுத்திய பிறகு.

அந்த ஆகஸ்டில் நன்னா வந்தார். நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; என் பாட்டி, நன்னி, இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவர் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் ஒரு வெள்ளைச் சீட்டைப் பின் அடித்து அனுப்பியிருந்தார்கள், அதில் பிப்ரவரி மாதத்துத் தேதி ஒன்று இருந்தது. அந்தத் தேதிக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று வாப்பா எனக்கு விளக்கினார். நான் ஃப்ரிட்ஜில் மாட்டியிருந்த இந்தியக் கடை காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டேன், உம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

எனக்குக் கிடைத்த ஆறு மாதத்தை நான் ஒரு பொட்டு சிந்தாமல் செலவழிக்க நினைத்திருந்தேன். நன்னாவோ வந்த மூன்றாம் நாளே மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றார், அங்கே ஏற்கெனவே பூப்போட்ட சட்டையும் ரப்பர் செருப்புமாக ஜிம்மா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நன்னா தன் மார்பைத் தொட்டு "பி.டி. மாஸ்டர்" என்றார், அன்றிலிருந்து ஜிம்மாவுக்கு அவர் 'மாஸ்டர்' ஆகிவிட்டார். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தின் கரையில் பெஞ்சு ஒன்று உண்டு. அதில் இருவரும் உட்கார்ந்து, ஜிம்மா தூண்டில் போட, கெளுத்தி மாட்டுகிறதா என்று நன்னா பார்த்துக்கொண்டிருப்பார். நன்னா ஏதாவது சொன்னால் நான் மினாவுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன், அவள் தன் மொழியில் ஜிம்மாவுக்குச் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். ஒரு வாக்கியம் போய் வருவதற்குள் தூண்டில் தக்கை இரண்டு முறை அமுங்கி எழுந்துவிடும்.

அப்படித்தான் ஒரு நாள் நன்னா, "எங்க ஊர்ல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான். மாப்புளதான் பொண்ணு வீட்டுல வந்து இருக்கணும். இவ உம்மாவுக்கு நான் கட்டுன வீடு அங்க பூட்டிக் கெடக்குது" என்று சொல்ல, நாங்கள் அதை மாற்றி மாற்றிக் கொண்டு சேர்த்தபோது ஜிம்மா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு நன்னாவின் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அவர்கள் தீவிலும் நிலம் தாய் வழியில்தான் வருமாம். யார் எங்கே குடியிருப்பது, எந்தப் பிள்ளை யாரிடம் வளர்வது, விருந்தில் எப்போது பந்தியில் கை வைப்பது என்பதையெல்லாம் வீட்டின் மூத்தவர் சொல்ல வேண்டுமாம். "இங்கே?" என்று நன்னா கேட்கச் சொன்னார். மினா கேட்டாள். ஜிம்மா சிரித்தார். இங்கே தன் வேலை குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பேருந்துக்கு வருவதும்தான் என்றும், அபார்ட்மெண்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மினாதான் தனக்குச் சொல்கிறாள் என்றும் சொன்னார். நன்னாவும் சிரித்தார், "நானும் மாப்புள வீட்டு விருந்தாளிதான்னு சொல்லு" என்றார். அன்றைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை.

என் வயிற்றெரிச்சல் அங்கேதான் முற்றத் தொடங்கியது. மினாவுக்கு முடிவே இல்லாத ஒரு தாத்தா இருந்தார். எனக்குக் காலண்டரில் வட்டமிட்ட ஒருவர். அப்படியிருக்க என் பங்கிலும் அவள் வந்து கை வைத்தாள். நன்னா எங்களைக் குளக்கரையில் நிறுத்தி 'அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்' பழக்குவார். நான் இடது காலையும் வலது காலையும் குழப்புவேன், மினா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். அவளை முன்னால் நிறுத்தினார். அவளை 'மீனாம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னைச் 'சபியா' என்றுதான் கூப்பிடுவார், 'ம்மா' எல்லாம் கிடையாது. தன் ஜிம்மாவை வைத்துக்கொண்டே அவள் என் நன்னாவை 'நன்னா, நன்னா' என்று அழைத்தபோது நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். உம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள ஆசையா கூப்புடுது. உனக்கென்ன கொறைஞ்சு போச்சு?" என்றாள். குறைந்துதான் போனது, நாள் கணக்கில் குறைந்தது, அது உம்மாவுக்குத் தெரியாதா என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஜனவரி கடைசியில், இருபத்து மூன்று நாள் மிச்சமிருந்தபோது, நன்னா பெட்டியின் அடியிலிருந்து தன் பித்தளை விசிலை எடுத்தார். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் ஊதியது, கறுப்புக் கயிறு கோத்தது. அது எனக்குத்தான் என்று நான் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். குளக்கரையில் அதை அவர் மினாவின் கழுத்தில் மாட்டினார். "நான் போன பொறவு நீதான் இவளைச் சரியா நடக்க வைக்கணும்" என்றார், அந்த வாக்கியத்தையும் நானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மினாவின் தம்பிக்கு ஒரு வயது நிறையப் போகிறது என்று அவர்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பரபரப்பு. முதல் பிறந்த நாளை அவர்கள் 'கெமெம்' என்பார்கள். நம்மூர்க் கல்யாணம் அளவுக்கு நடக்கும். ஓக்லஹோமாவிலிருந்தும் ஆர்கன்சாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். அபார்ட்மெண்டின் பொதுக் கூடமான கிளப்ஹவுஸைச் சனிக்கிழமை மாலை ஐந்து வரை எடுத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜிம்மா அன்று தூண்டில் கொண்டு வரவில்லை. எழுந்து நின்று, நன்னாவைப் பார்த்து, கைகளை அசைத்து நீளமாகப் பேசினார். மினா, கழுத்தில் விசிலோடு, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: சனிக்கிழமை இரண்டு மணிக்கு மாஸ்டர் வர வேண்டும், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். விருந்தில் பன்றி இருக்கும், மாஸ்டர் அதைத் தொட மாட்டார் என்று தனக்குத் தெரியும். அதனால் புதுப் பாத்திரம் ஒன்று வாங்கியாகிவிட்டது, அதில் காலையில் முதல் வேலையாக மீனும் சோறும் தனியாகச் சமைக்கப்படும், தானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். மாஸ்டர் உட்காரும் வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள்.

நன்னா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"சனிக்கிழமை பார்ட்டியாம் நன்னா. பன்னி வெட்டுறாங்களாம்."

"சரி."

"நம்மளால சாப்புட முடியாதுல்ல. அதான், அவங்க ஆளுங்க மட்டும்தானாம்."

நன்னா ஒரு கணம் ஜிம்மாவைப் பார்த்தார். பிறகு, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்வதைப் போல, வலது கையை நெஞ்சில் வைத்து, தலையை நன்றாகத் தாழ்த்தி, சிரித்தார். பரவாயில்லை, நான் தப்பாக நினைக்கவில்லை, நன்றாக நடத்துங்கள் என்று அர்த்தம். ஜிம்மாவும் தன் நெஞ்சில் கை வைத்து முகமெல்லாம் சிரித்தார். வருகிறேன் என்கிறார் மாஸ்டர் என்று அவர் எடுத்துக்கொண்டார். இது எனக்கு அப்போதே புரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. விசில் மினாவின் கழுத்தில் இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வடக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எங்கள் பால்கனிக்கு நேரே கிளப்ஹவுஸ், சுவரெல்லாம் கண்ணாடி. நன்னா லுஹர் தொழுதுவிட்டு வந்து பால்கனிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே எழுபது எண்பது பேர் தெரிந்தார்கள், பலூன்கள், நீள மேசைகளில் அலுமினிய ட்ரேக்கள், முன்வரிசையில் பெரியவர்களுக்கான நாற்காலிகள். அதில் இரண்டு காலியாக இருந்தன. கிளப்ஹவுஸ் வாசலுக்கு வெளியே, அந்தக் குளிரில், ஜாக்கெட் கூட இல்லாமல், கழுத்தில் ஓலையும் சிப்பியும் கோத்த மாலையோடு ஜிம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் அதே மாதிரி இன்னொரு மாலை.

"ஜிம்மா ஏன் புள்ளே வெளியிலயே நிக்கிறாரு?" என்று நன்னா கேட்டார்.

"யாரோ அவங்க ஆளு வரணுமாம்" என்றேன்.

"பெரிய மனுசராத்தான் இருக்கணும். இந்தக் குளுருல நிக்கிறாரே."

இரண்டரை ஆயிற்று, மூன்றாயிற்று. ஜிம்மா எங்கள் கட்டடத்தின் படிக்கட்டையே பார்த்தபடி நின்றார். பால்கனிக் கதவின் கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலித்ததால் நாங்கள் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டோம். உள்ளே குழந்தைகள் மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மினாவின் மாமா ஒரு முறை வந்து ஏதோ சொன்னார், ஜிம்மா கையை உயர்த்தி அவரை உள்ளே அனுப்பினார். மறுபடி வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூன்றாவது முறை மாமா வரவே இல்லை; மைக்கைக் கையில் எடுத்து அவரே ஜெபம் சொல்லி முடித்தார், ஜனங்கள் தட்டோடு எழுந்தார்கள். கண்ணாடி வழியாக அதைப் பார்த்த ஜிம்மா உடனே உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த மாலையைப் பக்கத்து நாற்காலியின் மேல் வைத்தார். நன்னா எழுந்து அஸர் தொழப் போனார். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

திங்கட்கிழமை பேருந்தில் மினா என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள். ஏன் வரவில்லை என்று கேட்டாள். நன்னாவுக்குக் காய்ச்சல் என்றேன். ஜிம்மா சொல்லாமல் ஒரு கெமெம் தொடங்கியதே இல்லையாம், எல்லோர் முன்னாலும் மாமா "இது தீவு இல்லப்பா, அஞ்சு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டாராம். ஆர்கன்சாவிலிருந்து வந்த கிழவர்கள் யாரும் ஜிம்மாவுக்காக எழுந்து பேசவில்லையாம். அன்று மாலையே, காய்ச்சல் என்று கேட்ட ஜிம்மா, படி ஏறி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் திறந்தேன். உள்ளே கூடத்திலிருந்து நன்னா, "யாரு, அவரா? நான் தொழுவுறேன்னு சொல்லு" என்றார். அவர் தொழவில்லை, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார், குரலில் இருந்த மனத்தாங்கல் மொழி தெரியாதவருக்கும் கேட்டிருக்கும். ஜிம்மா தலையசைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மிச்சமிருந்த நாட்கள் முழுவதும் நன்னா எனக்கே கிடைத்தார். குளக்கரைக்குப் போகவில்லை, பேருந்து நிறுத்தத்துக்கும் வரவில்லை. வீட்டுக்குள் என்னோடு கேரம் ஆடினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் கேட்டது இதைத்தான், இது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போனது. விமான நிலையத்தில் உம்மாவிடம் அவர், "கீழ் வூட்டுக்காரர் நல்ல மனுசன்தான். நாமதான் அளவுக்கு மீறி நெருங்கிட்டோம்" என்றார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பக்கத்தில் வாப்பா டிராலியோடு நின்றார், அடி விழும் என்ற பயம் வென்றது.

நன்னா மறுபடி வரவில்லை. அடுத்த முறை சென்னையில் நேர்காணலுக்குப் போனவருக்கு விசா கொடுக்கவில்லை. அதற்கடுத்த முறை அவர் விண்ணப்பிக்கவே இல்லை. 2009-இல் ஊரிலேயே இறந்தார், உம்மா மட்டும் போனாள், அடக்கும் முன் மையித்தின் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, நன்னா போன மறு வருடம், ஜிம்மா தீவுக்குத் திரும்பிப் போய்விட்டார். எந்தச் சீட்டும் அவரைப் போகச் சொல்லவில்லை. இங்கே யாரும் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை, பேருந்துக்குப் போய் நிற்க ஒரு கிழவன் தேவையில்லை என்று சொன்னாராம். மினாவைக் கூட்டிப் போகக் கேட்டிருக்கிறார். பள்ளிப் படிப்பு கெடும் என்று அவள் அம்மா முதல் முறையாக அவரிடம் மறுத்துப் பேசினாள். பேருந்தில் மினா தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவே, போவதற்கு முந்தின நாள் ஜிம்மா, மாஸ்டருக்குத் தன்மேல் என்ன கோபம் என்று உன்னிடம் கேட்டு வரச் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்றாள். தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குள் முதலில் வந்தது திருப்திதான். இனி அவளுக்கும் தாத்தா தொலைபேசியில்தான். இருவரும் சமம்.

இப்போது நான் சான் ரமோனில் இருக்கிறேன். உம்மாவும் வாப்பாவும் குடியுரிமை வாங்கிவிட்டார்கள், என் மகளைப் பார்த்துக்கொள்ள உம்மா மாதக்கணக்கில் வந்து தங்குகிறாள், யாரும் நாள் எண்ணுவதில்லை. என் மகளோ தன் நன்னியை ஏறெடுத்துப் பார்க்காமல் ஐபேடில் மூழ்கிக் கிடக்கிறாள். மினா ஓக்லஹோமாவில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய மூத்த பெண்ணை யாரும் கேட்டு வாங்கி வளர்க்கவில்லை. மினாவின் அம்மாவே வேர்ஹவுஸில் ஷிஃப்ட் வேலைக்குப் போவதால் குழந்தை டேகேருக்குப் போகிறது. கெமெம் இன்னும் நடக்கிறது, அழைப்பிதழில் சாப்பாட்டு நேரம் அச்சடித்திருக்கிறார்கள். பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள், யாருடைய தலையசைப்புக்கும் யாரும் காத்திருப்பதில்லை என்று மினாவே எழுதுகிறாள்.

ஜிம்மா இறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் மினா ஃபேஸ்புக்கில் அவரைப் பற்றி எழுதுவாள். தன்னை எப்படி வளர்த்தார், விட்டுப் போகும்போது எப்படி அழுதார் என்று எதையும் ஒளிக்காமல் எழுதுவாள். கீழே நூறு பேர் சேர்ந்து அழுவார்கள், நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்வேன். நன்னாவைப் பற்றி நான் ஒரு வரி கூட எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும், சொன்னால் மினா படிப்பாள். தாத்தாவை நினைத்து அவளால் இப்படி நாலு பேர் முன்னால் வாய்விட்டு அழ முடிகிறதே என்று, இத்தனை வருடத்துக்குப் பிறகும், எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.